இடத்தோளில் மாராப்பு

கரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மற்ற விரல்களால் துணியை உள்ளே வாங்கி வாங்கி விடும் அந்தக் கைகள் அவசரப்படவில்லை. ஒரு மடிப்பு விழுந்ததும் அதன் விளிம்பை நகத்தால் ஒருமுறை நீவின. அடுத்த மடிப்பு அதன்மேல் ஒட்டி உட்கார்ந்தது. கொசுவம் முடிந்ததும், வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்து மூங்கில் சட்டத்தின் இடுப்பில் குத்தின. பிறகு மாராப்பை இழுத்து இடப்பக்கம் போட்டன. மூங்கிலுக்குத் தோள் கிடையாது. துணி வழுக்கி விழுந்தது. மறுபடியும் எடுத்துப் போட்டன.

"மூங்கிலுக்குக் கட்டிக் காட்டினா மூங்கில்தான் வாங்கும். நீயே உடுத்திட்டு வந்து நில்லு தாயி. பொம்பளைக பாத்து எடுக்கட்டும்" என்றார் கடை முதலாளி வேல்சாமி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்தில் அவருடைய ஜவுளிக் கடை. வருடம் 1926. அந்தக் கைகளுக்குரியவள் பரிபூரணம். வயது பதினெட்டு. தகப்பன் இல்லை. தாய் மிஷன் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் சுமந்தாள். அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பெண், சேலை மடித்து அடுக்கும் வேலைக்கு வந்து, சேலை உடுத்திக் காட்டும் வேலைக்கு மாறினாள்.

கடையின் உள்கட்டில் பெண்கள் மட்டும் உட்கார்ந்து பார்க்க ஓர் இடம் இருந்தது. பரிபூரணம் ஒரு சேலையை உடுத்தி வந்து நிற்பாள், நடப்பாள், திரும்புவாள். போய் வேறொன்றை உடுத்தி வருவாள். சுந்தரபாண்டியத்து நூல் சேலை அவள் உடம்பில் பட்டுச் சேலை போல விறைப்பாக நின்றது.

"ஏட்டி, இதையே எடுப்போம். அவளுக்கு எம்புட்டு எடுப்பா இருக்கு பாரு."

"அவ கோணிச் சாக்கைச் சுத்திட்டு வந்தாலும் எடுப்பாத்தான் இருக்கும். வீட்டுக்குப் போயி உடுத்தப் போறது நீதான."

சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அந்தச் சேலையையே எடுப்பார்கள்.

துணிக்கட்டின் மேல் ஒட்டும் லேபிளில் அதுவரை ஒரு யானைப் படம் இருந்தது. யானையைப் பார்த்து யார் சேலை வாங்குவார்கள் என்று வேல்சாமிக்குத் தோன்றிவிட்டது. இரண்டு வருடம் கழித்து, கண்ணாடிக் கூரை போட்ட ஞானராஜின் போட்டோ ஸ்டுடியோவுக்குப் பரிபூரணத்தை அனுப்பினார். ஞானராஜ் அவள் போகிற அதே வேதக்கோவிலைச் சேர்ந்தவன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டே பேசுவான்.

"அசையாத தங்கச்சி. மூச்சைச் செத்த நேரம் எனக்குக் கடனாக் குடு. பொறவு திருப்பித் தாரேன்."

அவள் அசையவில்லை. அசையாமல் நிற்பது அவளுக்குச் சிரமமாகவே இருந்ததில்லை. நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் நகையில்லை. சபைப் பெண்கள் அப்படித்தான் இருப்பார்கள். "அதெல்லாம் கல்லுல ஏத்திக்கிடலாம்" என்று வேல்சாமி சொல்லியிருந்தார்.

கல் என்றது சிவகாசியின் கல்லச்சு ஆபீஸை. வழவழப்பாகத் தேய்த்த கல்லில் மை கொண்டு படம் வரைந்து, அந்தக் கல்லிலிருந்து தாளில் அச்செடுப்பார்கள். கல்லில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் விழும். வரைகிறவன் மாரிச்சாமி அதுவரை தீப்பெட்டி லேபிள் எழுதியவன். எழுத்தை இடவலம் மாற்றி எழுதுவதில் அவன் கை தேர்ந்தது. கடைப் பெயரை அப்படித்தான் எழுதினான். உருவத்தை மட்டும் போட்டோவில் கண்டபடியே கல்லில் வரைந்துவிட்டான். பெரிய பொட்டு வைத்தான், அட்டிகையும் ஒட்டியாணமும் பூட்டினான். தாளில் எழுத்து சரியாக விழுந்தது. எழுத்து சரியாக இருந்ததால் மற்றதை யாரும் பார்க்கவில்லை.

ஆவணி முகூர்த்தத்துக்குக் கட்டுகள் ஊர் ஊராகப் போயின. வன்னியம்பட்டிச் சம்சாரி ஒருவர் கல்யாணத்துக்கு எடுத்த கட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"என்ன அண்ணாச்சி, நிறம் பிடிக்கலையா?" என்றார் வேல்சாமி.

"நிறத்தை எங்க பாத்தோம்? மேல ஒட்டியிருக்கிற பொம்பளையப் பாத்ததுமே எங்க வீட்டுல அழுதுட்டாக. மாராப்பு எந்தத் தோளுல கெடக்கு, நீங்களே பாருங்க."

வேல்சாமி பார்த்தார். வலத்தோளில் கிடந்தது.

"செத்தவளுக்குத்தானய்யா நாங்க அப்படி உடுத்துவோம். குளிப்பாட்டி, பொட்டு வச்சு, நகையெல்லாம் போட்டு, மாராப்பை மாத்திப் போட்டுத் தூக்கிட்டுப் போவோம். கல்யாணச் சேலைக்கு மேல பொணத்தை ஒட்டி அனுப்பிருக்கீக."

அவர்கள் ஜனத்தில் மட்டும் அந்த வழக்கம் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். சுற்றுவட்டாரத்தில் இன்னும் சில ஜனங்களிடமும் இருந்தது. கட்டுகள் திரும்பி வந்தன. லேபிளைக் கிழித்துவிட்டு விற்கப் பார்த்தார்கள். கிழித்த இடம் தெரிந்தது. தெருவில் பரிபூரணத்துக்குப் 'பொணக்கட்டு' என்று பெயர் விழுந்தது. வேல்சாமி அவளை வேலையைவிட்டு நிறுத்தும்போது கோபப்படவில்லை. "ஒங்கிட்ட தப்பில்ல தாயி. ஆனா நீ உள்கட்டுல வந்து நின்னா யாரு வாங்குவா?" என்று மட்டும் கேட்டார்.

அப்போது மகாராஜபுரத்துப் பள்ளிக்கூட வாத்தியார் நேசையனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்தை அறிவிக்கும் ஓலையைக் கோவிலில் மூன்றில் ஒருமுறை வாசித்தாயிற்று. அந்த வீட்டாருக்கு மாராப்பு பெரிதில்லை. பொட்டும் அட்டிகையும்தான் பெரிது. அம்மன் மாதிரி நின்று படம் எடுத்துக்கொண்ட பெண் என்றார்கள். பொட்டைத் தான் வைக்கவில்லை, கல்லில் வைத்தார்கள் என்று அவள் சொன்னதை நேசையன் நம்பினான். நம்பி என்ன, இரண்டாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

அவள் ஒருநாள் போட்டோவையும் லேபிளையும் எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் போனாள். மாரிச்சாமி கல்லின்மேல் குனிந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"எழுத்தைத் திருப்பி எழுதியிருக்கீகளே, என்னைய ஏன் திருப்பலை?"

அவன் போட்டோவையும் லேபிளையும் மாறி மாறிப் பார்த்தான். "எழுத்தைத் திருப்பிப் பழகியிருக்கேன். பொம்பளையத் திருப்பிப் பழகலியே தங்கச்சி" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அந்தக் கல்லைத் தேய்ச்சிட்டேன். ஊருக்குள்ள போனதை என்ன செய்ய?" என்றான்.

அன்று முழுவதும் அங்கே உட்கார்ந்து அவன் வேலையைப் பார்த்தாள். கண்டதைக் கண்டபடி வரைவதில் அவனுக்கு ஈடில்லை. மனதுக்குள் திருப்பி வரையச் சொன்னால் முகம் கோணிப் போயிற்று. அப்படியானால் அவன் காண்பதையே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஞானராஜிடம் போய்க் கேட்டாள். படம் பதிந்த கண்ணாடிப் பிளேட்டைப் புரட்டி வைத்துத் தாளில் அச்செடுத்தால் படம் இடவலம் மாறி விழும், கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான் என்றான். அப்படி மாறிய படத்தை மாரிச்சாமி கண்டபடியே கல்லில் வரைந்தால் தாளில் நேராக வரும். அன்றிலிருந்து அதுவே அவர்கள் மூவருக்கும் வழக்கமாயிற்று. கல்லுக்குப் போகும் படத்தை 'புரட்டுப் படம்' என்றார்கள்.

ஞானராஜ் அவளை ஸ்டுடியோவிலேயே வைத்துக்கொண்டான். படம் எடுக்க வருகிற பெண்களுக்குச் சேலை உடுத்திவிடுவாள். கையை எங்கே வைப்பது, கழுத்தை எவ்வளவு திருப்புவது என்று சொல்லித் தருவாள். காலண்டர்கள், எண்ணெய்க் கடை லேபிள்கள், நூல் கட்டு லேபிள்கள் எல்லாம் அவள் ஒழுங்குசெய்த படங்களாயின. அவள் மட்டும் அதன்பின் காமிராவுக்கு முன்னால் நிற்கவேயில்லை. தாய் இறந்த பிறகு, தாயின் படத்தையாவது எடுத்து வைத்திருக்கலாமே என்று ஞானராஜின் மனைவி கேட்டாள். இவள் அடுத்து வந்த பெண்ணுக்குக் கொசுவம் மடிக்கத் தொடங்கினாள்.

1935இல் ராஜபாளையத்தில் பஞ்சாலை வைத்திருந்த தனுஷ்கோடி ராஜா பெண்களுக்காக 'இல்லறச்சுடர்' என்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். கதையும் சமையலும் எழுத ஆட்கள் கிடைத்தார்கள். இதழ் பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஞானராஜ் பரிபூரணத்தை அழைத்துப் போனான். அவள் ஏற்கெனவே வந்திருந்த இதழ் ஒன்றைக் கத்தரித்து, படங்களையும் எழுத்தையும் தரையில் வெள்ளைத் தாள்களின்மேல் பரப்பி, சுற்றிச் சுற்றி நடந்து, கால் பெருவிரலால் ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

"இந்தப் பக்கம் பேசுது. எதுத்த பக்கம் கேக்கணும் ஐயா. ரெண்டும் பேசினா படிக்கிறவளுக்குத் தலை வலிக்கும்" என்றாள்.

ராஜா சிரித்தார். அடுத்த மாதத்திலிருந்து அட்டையில் யார், என்ன சேலை, என்ன நிறம், எந்தக் கதைக்கு எந்தப் படம் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. ஆபீஸில் 'படக்காரம்மா' என்றார்கள். இதழின் உள்பக்கத்தில் 'படங்கள்: ஞானராஜ் ஸ்டுடியோ' என்று அச்சாகும். அவள் பெயர் அச்சானதில்லை. பழைய லேபிளை நினைவு வைத்திருந்தவர்கள் இன்னும் ஊரில் இருந்தார்கள். அவளும் கேட்டதில்லை.

அட்டைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் அவள் ஒரே வார்த்தையைச் சொன்னாள். "படம் வெளிய போனா திரும்பி வராது. நல்லா யோசிச்சுக்கோ."

1944 தீபாவளி மலருக்கு அட்டை தேடியபோது, ராஜாவின் ஆலையில் நூல் சுற்றும் ரீலிங் வேலை பார்த்த செல்லக்கனியை அவள் கண்டுபிடித்தாள். பதினாறு வயது. இடது கண்ணுக்குக் கீழே, சின்ன வயதில் ஆட்டுக்குட்டி முட்டிய தழும்பு. வன்னியம்பட்டியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். தகப்பன் போய்ச் சேர்ந்தாயிற்று, தாய் சீனியம்மாள் பஞ்சு பொறுக்கினாள்.

"யோசிச்சியா?"

"யோசிச்சிட்டேன்க்கா. ரீலிங்ல நின்னு நின்னு காலுதான் வீங்குது. மூஞ்சி சும்மாத்தான இருக்கு. அதுவும் செத்த நேரம் வேலை பாக்கட்டும்."

வாசலில் தூக்குச் சட்டியோடு நின்ற சீனியம்மாள், "வாய் மட்டும் எப்பவும் வேலை பாக்கும் இவளுக்கு" என்றாள்.

பரிபூரணம் ஆலைச் சேலையை உடுத்திவிட்டாள். கைத்தறி போலவே நெய்த நீலச் சேலை. செல்லக்கனி அதற்கு முன் படம் எடுத்துக்கொண்டதில்லை. எடுத்து முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"எங்க அம்மைக்கு ஒண்ணு குடுப்பீகளா?"

"மலர் வந்ததும் முதல் புத்தகத்தை நானே ஒங்க அம்மை கையில தாரேன்."

யுத்த காலம். பிளேட் கிடைப்பதில்லை, தாளும் கிடைப்பதில்லை. ஞானராஜ் தாளில் ஒரே ஒரு படம் போட்டான், கல்லுக்குப் போகிற புரட்டுப் படம். அது போனதும் வழக்கம்போலப் பிளேட்டைச் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டி, வெறும் கண்ணாடியைப் படச் சட்டம் போடுகிறவனுக்குக் கொடுத்துவிட்டான். நேர்ப்படம் ஒன்று போட்டு வைக்கலாமா என்று அவன் கேட்கவில்லை. பரிபூரணமும் சொல்லவில்லை. அச்சில் எப்படியும் நேராக வரப்போகிறது.

புரட்டாசி மழைக்குப் பின் ஆலைக் குடியிருப்பு லயன்களில் வாந்திபேதி நுழைந்தது. செல்லக்கனி காலையில் வேலைக்குப் போனாள், சாயங்காலம் தூக்கி வந்தார்கள், மறுநாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது.

ராஜா பரிபூரணத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். முகம் வாடியிருந்தது. "வத்து, வத்து" என்று தன் வீட்டுத் தெலுங்கில் சொல்லிவிட்டுத் தமிழுக்கு வந்தார். "வேண்டாம்மா. தீபாவளி நாளில் செத்த பிள்ளையின் படத்தை வீடு வீடாக அனுப்ப முடியாது. கல்லைத் தேய்க்கச் சொல்லிவிடு. பூச்சாடி எதையாவது போடு."

அவள் அன்றே கிளம்பினாள். சிவகாசிக்குப் போனாள். மாரிச்சாமி அவள் கண் முன்னாலேயே மணலும் தண்ணீரும் விட்டுக் கல்லைத் தேய்த்தான். முகம் முதலில் சாம்பலாகி, பிறகு போய்விட்டது. புரட்டுப் படத்தை மட்டும் அவள் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

அந்த வாரமே சீனியம்மாள் ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"கருமாதிக்கு வைக்க ஒரு படம் வேணும் தாயி. எம்பிள்ளை மூஞ்சி எனக்கு இப்பவே கலங்கலாத் தெரியுது. இன்னும் ஒரு மாசம் போனா என்ன தெரியும்னு பயமா இருக்கு."

பரிபூரணம் படத்தை எடுத்துக் கொடுத்தாள். சீனியம்மாள் அதை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு கைகளாலும் அதைத் தன்னைவிட்டுத் தள்ளிப் பிடித்தாள்.

"தூக்குறதுக்கு முன்னால நாந்தான் உடுத்திவிட்டேன். இந்தப் பக்கமாத்தான் போட்டேன்."

"உசுரோட இருக்கும்போது எடுத்த படம் சீனியம்மா. கல்லுக்காகத் திருப்பிப் போட்டது."

"உசுரோட இருந்த மாதிரி இல்லியே."

புரட்டுப் படம் என்றால் என்ன என்று பரிபூரணம் விளக்கப் பார்த்தாள். சீனியம்மாள் கேட்டாள், தலையை ஆட்டினாள், படத்தைத் தரையில் வைத்தாள். "இதை வீட்டுல வச்சுக் கும்பிட மாட்டேன் தாயி. கோவிச்சுக்கிடாதீக."

"கருமாதிக்கு முன்னால மாத்திக் கொண்டாரேன்."

ஞானராஜிடம் போனாள். அந்தப் படத்தையே மறுபடி ஒரு பிளேட்டில் எடுத்துத் திருப்பிவிடலாம். ஆனால் பிளேட் வேண்டும்.

"மதுரைக்கு எழுதியிருக்கேன். பட்டாளத்துக்குப் போக மிச்சந்தான் நமக்குன்னுட்டான்."

"எப்பம் வரும் அண்ணே?"

"சண்டை முடிஞ்சா வரும்."

தானே திருத்துவது என்று தீர்மானித்தாள். வலத்தோளில் கிடக்கும் மாராப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அங்கே ரவிக்கையை வரைய வேண்டும். இடத்தோளில் மாராப்பின் மடிப்புகளை எழுப்ப வேண்டும். இருப்பது ஒரே தாள். சவர பிளேடு ஒரு மயிரிழை அதிகமாக இறங்கினால் தாள் கிழியும். பிறகு எதுவுமே இல்லை.

மடிப்பு எப்படி விழும் என்று கண்ணால் பார்க்காமல் வரைய அவளுக்கு மனம் வரவில்லை. அந்த நீலச் சேலை ஆபீஸ் அலமாரியில் இருந்தது. அதை எடுத்துவந்து ஸ்டுடியோ நிலைக்கண்ணாடி முன் நின்று உடுத்தினாள். மாராப்பை இடத்தோளில் போட்டுப் பார்த்தபோது, கண்ணாடியில் எதிர்ப்பக்கமாகத் தெரிந்தது. படத்தில் வரவேண்டிய பக்கம் அதுவல்ல. பிறகு மாராப்பை எடுத்துத் தன் வலத்தோளில் போட்டாள். கண்ணாடியில் இப்போது உயிரோடு இருப்பவளின் மாராப்பு தெரிந்தது.

உள்ளே வந்த ஞானராஜ் திடுக்கிட்டு நின்றான். அவனுக்கும் தலை நரைத்திருந்தது.

"தங்கச்சி, என்ன இது? மாத்திப் போடு முதல்ல."

"வேலை அண்ணே. செத்த நேரம் இருங்க. அந்த நாற்காலியை இங்கிட்டு நகத்துங்க."

நாற்காலியில் உட்கார்ந்து மடியில் பலகையை வைத்துக்கொண்டாள். கண்ணாடியைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். சவர பிளேடை இரண்டாக ஒடித்து, அதன் முனையால் தாளின் மேல்தோலை மட்டும் தூள் தூளாக எடுத்தாள். தூளை ஊதவில்லை, எச்சில் படும் என்று இறகால் தள்ளினாள். விளக்குக் கரியைக் கோந்தில் குழைத்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் தொட்டாள். பகல் வெளிச்சம் கண்ணாடிக் கூரையில் இருக்கும்வரை வேலை செய்தாள். மேகம் வந்தால் நிறுத்தினாள். இப்படிப் பல நாள் போயிற்று. தினமும் வந்து அதேபோல உடுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஞானராஜ் அந்நேரங்களில் வாசலிலேயே இருந்து, வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினான்.

சேலை சரியாயிற்று. ரவிக்கையின் கையும் சரியாயிற்று. முகம் பாக்கி. தழும்பு வலது கண்ணுக்குக் கீழே இருந்தது. வகிடு மறுபக்கம் சாய்ந்திருந்தது. செல்லக்கனி சிரிக்கும்போது ஒரு பக்கம் அதிகமாக ஏறும் உதடு, எதிர்ப்பக்கம் ஏறியிருந்தது. தழும்பை மட்டும் மாற்றிவிடலாம், அது சின்ன வேலை. பிளேடை எடுத்துக் கண்ணுக்குக் கீழே கொண்டுபோனாள். கை நின்றது. சேலையில் சுரண்டிய இடம் துணியோடு துணியாகிவிடும். கன்னத்தில் அது செத்த தோலாகவே தெரியும். எத்தனையோ காலண்டர் முகங்களை அப்படித் தொட்டு, அவை பொம்மையாய்ப் போனதை அவள் பார்த்திருக்கிறாள். இந்த முகத்தில் வேறு எவர் கையும் படவில்லை, வெளிச்சம் மட்டும் பட்டது. பிளேடைக் கீழே வைத்தாள். தாய் கண்டுபிடிப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

கருமாதியன்று காலையில் லயன் வீட்டுக்குப் போனாள். வாசலில் வன்னியம்பட்டி உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே விளக்கு வைத்து, இலை போட்டு, படத்துக்கு என்று ஒரு பலகையைக் கழுவி வைத்திருந்தாள் சீனியம்மாள். பலகை வெறுமையாக இருந்தது. பரிபூரணம் மூடியிருந்த துணியை விலக்கிப் படத்தைக் காட்டினாள். கையில் கொடுக்கவில்லை.

சீனியம்மாள் முதலில் தோளைப் பார்த்தாள். மடிப்பு ஒவ்வொன்றையும் விரலால் தொடாமல் விரலைக் காற்றில் ஓட்டிப் பார்த்தாள். பிறகு முகத்துக்கு வந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தழும்பு இந்தப் பக்கமில்ல."

"ஆமா."

"சிரிப்பும் வேற மாதிரி இருக்கு."

"ஆமா சீனியம்மா. மூஞ்சியை நான் தொடலை. தொட்டா கெட்டுப் போயிரும்."

வாசலில் இருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "நம்ம செல்லக்கனி மாதிரியும் இருக்கு, யாரோ மாதிரியும் இருக்கு மதினி" என்றாள்.

"நீ சும்மா இருட்டி" என்றாள் சீனியம்மாள். படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சேலை சரியா இருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "சேலை நல்லா உடுத்தியிருக்கா" என்றாள்.

ஈரக் கையை முந்தானையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு நீட்டினாள். பரிபூரணம் ஓரங்களை மட்டும் பிடித்து, தாள் வளையாமல், அந்தக் கைகளில் படத்தை வைத்தாள்.